தலைகீழ்க் காற்புள்ளி

ஹிலோவில் புதன்கிழமை இரவு வகுப்பு.
பள்ளிச் சாப்பாட்டுக்கூடத்து மேசையில்
மதியத்துச் சோற்றுப் பருக்கை காய்ந்து கிடக்கிறது.
இருபத்துமூன்று வயது மாகோவா
நனைந்த செருப்பை வாசலில் உதறிவிட்டு
பலகையில் எழுதுகிறான்:
உவா உவா.

முதல் உவா, நடந்து முடிந்ததற்குக் குறி.
இரண்டாவது, மழை.
மழை பெய்தது.
தகரக் கூரையில் அது முடிந்தபாடில்லை.
"இந்த ஊரில் முதல் உவா பொய்" என்கிறாள் லுயிகா,
பள்ளிப் பேருந்து ஓட்டுபவள்,
ஐம்பத்தோரு வயதில் தன் மொழியை
முதல் பாடத்திலிருந்து படிக்கிறவள்.

வினைதான் முன்னால் வருமாம்.
வாக்கியத்தின் கடைசிப் படிவரை
வினைக்காகக் காத்திருந்தே பழகியவன் நான்.
இங்கே கதவைத் திறந்ததும் முகத்தில் மோதுகிறது:
போனது. உடைந்தது. இறந்தது.
ஆள் யாரென்று அறிய
இன்னும் ஒரு சொல் நிற்க வேண்டும்.
டயாலிசிஸ் பிரிவுக்கு நள்ளிரவில் வரும் போன்கள்
இப்படித்தான் பேசும்.

சில இடங்களில் தெரிந்தவர் வீடுபோல் இருக்கும்.
கேயா, கேனா, கேலா.
இது, உது, அது.
உதுவைத் தொலைத்துவிட்டு வந்தவன்
பசிபிக் நடுவே கண்டெடுத்தேன்.
நாம் வேறு, நாங்கள் வேறு என்று அவன் சொன்னபோது
வகுப்பே விழித்தது, நான் மட்டும் தலையாட்டினேன்.
ஆனால் நீயும் நானும் மட்டும் என்பதற்கு
இவர்களிடம் ஒற்றைச் சொல் இருக்கிறது. காவுவா.
என்னிடம் இல்லை.

மூன்றாம் வாரம் உடைமை.
நீயாகத் தேடிக்கொண்டதற்கு ஆ:
புருஷன், பிள்ளை, சோறு, சுத்தியல்.
உன்மேல் வந்து அமைந்ததற்கு ஓ:
தாய், கூடப்பிறந்தவள், உடம்பு, பெயர், வீடு.
"புருஷன் ஆவா? அதுதான் விட முடிந்தது" என்றாள் லுயிகா.
என் எலும்பு வலிக்கிறது என்று சொல்லப் போய்
நான் கடித்துக்கொண்டிருக்கும் எலும்பு வலிப்பதாகச் சொன்னேன்.
சிரிப்பு அடங்க மழைக்கும் நேரமாயிற்று.

கோ'உ என்றால் என்னுடைய.
நடுவே மூச்சு ஒரு கணம்
தொண்டையில் அடைபட வேண்டும்.
அந்த அடைப்புக்கும் ஓர் எழுத்து, தலைகீழ்க் காற்புள்ளி.
அதை விட்டால் கோஉ. உன்னுடைய.
இரண்டு உயிர் அடுத்தடுத்துச் சும்மா நிற்பது
என் நாக்குக்குப் பொறுக்காது,
ஒரு வகரத்தை அனுப்பிச் சமாதானம் செய்துவிடும்.
கோவு.
அது யாருடையதும் இல்லை.

லுயிகாவின் முறை. இது என் வீடு, சொல்லுங்கள்.
உன் வீடு என்றாள்.
மாகோவா தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினான்.
மறுபடி உன் வீடு.
மூன்றாம் முறை அவள் வாயே திறக்கவில்லை.

அவனுக்கு என்ன தெரியும்.
கெயாவ்கஹாவில் அம்மா விட்டுப்போன வீடு,
அக்கா எமாலியா, இரண்டு வக்கீல்கள்,
பதினொரு வருஷமாக ஒரே தெருவில்
வண்டியை மெதுவாக்காமல் கடந்து போவது.

அன்றிரவு என்னைக் காரில் கொண்டுவிட்டாள்.
துடைப்பான் இடமும் வலமும் அலைய
அவள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.
கோ'உ ஹலே. கோஉ ஹலே.
கோ'உ. கோஉ.
"இந்த வாக்கியத்தில் வினையே இல்லை, கவனித்தாயா?
யாரும் யாருக்கும் எதுவும் செய்யவில்லை."

சிவப்பு விளக்கில் நின்றோம்.
எமாலியாவின் எண் திரையில் ஒளிர்ந்து
தானே அணைந்தது.
பிறகு அவள் தெளிவாக, எங்கும் மூச்சு தடுக்காமல்
ஒரு தடவை சொன்னாள்.
பிழையா என்று எனக்குத் தெரியவில்லை.
திருத்தவும் இல்லை.

அடுத்த புதனுக்கு எதிர்மறை, பத்து வாக்கியம்.
இல்லை என்று ஆரம்பித்தால்
நானும் நீயும் வினையைத் தாண்டி
முன்னால் வந்து நிற்போமாம்.
அவள் நான்கு எழுதியிருக்கிறாள்.